ஹவ்ருதா: எதிரெதிரே உட்காரவைத்தால் போதுமா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024

ஒரு காணொளி பார்த்தேன். பெரிய கூடம். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து, புத்தகத்தைக் காட்டிக் காட்டிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். யூதர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இப்படித்தான் படிக்கிறார்களாம். ஹவ்ருதா என்று பெயராம். அவர்களுடைய அறிவின் ரகசியமே இதுதான் என்கிறார்கள். இதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துச் சத்தமாக விவாதிக்கச் சொன்னால் போதும். நம் பள்ளிகளில் நாளைக்கே தொடங்கலாமே, ஏன் யாரும் செய்வதில்லை?

4 பிப்ரவரி 2024

போதாது. நான் செய்து பார்த்துத் தோற்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பாஸ்டன் புறநகர் ஒன்றில் இருக்கும் யூதப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இத்தகைய பள்ளிகளில் நாள் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி எபிரேயம், தோரா (யூத வேதம்), தல்மூத் (வேதச் சட்டங்களைப் பற்றிய பழைய அறிஞர்களின் விவாதத் தொகுப்பு). மறு பாதி கணக்கு, அறிவியல், ஆங்கிலம். மறு பாதியைக் கற்பிப்பவர் யூதராக இருக்க வேண்டியதில்லை. என் அறைக்கு அடுத்த அறை தல்மூத் வகுப்பு. முதல் ஆண்டு முழுவதும் அந்தச் சத்தம் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. ஒரு நாள் அந்த வகுப்பின் ஆசிரியை என் அறைக்குள் எட்டிப் பார்த்து, "இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அன்று தொடங்கிய நட்பு இன்றுவரை நீள்கிறது. நான் இங்கே எழுதுவதில் பாதி அவரிடம் கற்றது.

ஹவ்ருதா அரமேயச் சொல். தோழமை என்று பொருள். சேர்ந்து படிக்கும் இணையையும் அப்படியே அழைப்பார்கள்: "அவள் என் ஹவ்ருதா." இருவருக்கும் முன்னால் தல்மூதின் ஒரே பக்கம் விரிந்திருக்கும். ஒருவர் வரியை வாய்விட்டு வாசித்துப் பொருள் சொல்வார். மற்றவர் உடனே மறிப்பார்: "அப்படியென்றால் மேலே சொன்னதோடு இடிக்கிறதே." இருவரும் மீண்டும் அந்த வரிக்குப் போவார்கள். யெஷிவாக்களில், அதாவது தல்மூத் படிக்கும் கல்விக்கூடங்களில், ஆசிரியரின் பாடத்துக்கு முன்பே இது நடக்கும். ஆசிரியர் வாய் திறப்பதற்குள் இவர்கள் அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டி முடித்திருப்பார்கள், அல்லது தோற்றிருப்பார்கள்.

என் முதல் முயற்சியைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு, பின்னங்களின் வகுத்தல். பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்துப் பாடப்புத்தகத்தின் இரண்டு பக்கங்களைக் கொடுத்து, விவாதியுங்கள் என்றேன். சத்தம் வந்தது. நல்ல சத்தம். பெருமையோடு மேசை மேசையாக நடந்தேன். ஒரு மேசையில் முந்தைய நாளின் கூடைப்பந்து. இன்னொன்றில் ஒரு பையன் கணக்கைப் போட, எதிரில் இருந்தவன் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாவதில் ஒரு சிறுமி எதைச் சொன்னாலும் இணை "சரி" என்றாள். தவறாகச் சொன்னபோதும் "சரி" என்றாள். அடுத்த வாரத் தேர்வு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

தோழி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரிட் கென்ட் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தார். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில், யூதப் பள்ளிகளுக்கு ஆசிரியராகப் போகவிருந்தவர்கள் இருவராக அமர்ந்து படித்ததைக் காணொளியாகவும் ஒலியாகவும் பதிவு செய்து, யார் எப்போது என்ன சொன்னார், மற்றவர் அதை என்ன செய்தார் என்று வரிவரியாக ஆராய்ந்தவர். 2010இல் வெளியான கட்டுரையில் ஹவ்ருதாவுக்குள் நடப்பதை ஆறு செயல்களாக, மூன்று இணைகளாக வகுத்தார். கேட்பதும் எடுத்துச்சொல்வதும். வியந்து வினவுவதும் ஒன்றில் ஊன்றி நிற்பதும். தாங்கிப் பிடிப்பதும் மறுத்துக் கேட்பதும். இந்த ஆறும் தானாக வருவதில்லை, கற்பிக்கப்பட வேண்டியவை என்பதுதான் என் உச்சியில் அடித்த செய்தி. நான் பிள்ளைகளுக்கு நாற்காலியைத்தான் கொடுத்திருந்தேன்.

ஓர் இனத்தின் மூளையைப் பற்றிய பேச்சை இங்கே வளர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் வகுப்பில் இருக்கும் யூதப் பிள்ளைகளும் பின்னத்தில் தடுமாறுகிறவர்கள்தான்.

4 பிப்ரவரி, இரவு

"இரண்டாயிரம் ஆண்டு" என்பதை மறுக்காமல் விட்டது என் பிழை. தோழனோடு படி என்ற அறிவுரை மிகப் பழையது, ஐயமில்லை. "உனக்கு ஓர் ஆசிரியரை ஏற்படுத்திக்கொள், ஒரு தோழனைச் சம்பாதித்துக்கொள்" என்று தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற நூலின் பிர்க்கே அவோத் பகுதியில் இருக்கிறது. ஆனால் கூடம் நிறைய எல்லோரும் இணை இணையாகப் படிப்பது வேறு விஷயம். 1803இல் தொடங்கிய வொலோஷின் யெஷிவாவையும் 19ஆம் நூற்றாண்டின் பிற லிதுவேனிய யெஷிவாக்களையும் ஆராய்ந்த ஷவுல் ஸ்டாம்ப்ஃபர், அங்கே தனியாகப் படிப்பது பரவலாக இருந்ததைக் காட்டியிருக்கிறார். ஹவ்ருதா பொதுவழக்கானது 20ஆம் நூற்றாண்டில், பல தரப்பட்ட மாணவர்கள் பெருமளவில் யெஷிவாக்களுக்கு வரத் தொடங்கிய பிறகு என்று சொல்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இது ஆறுதலான செய்தி. ஆதியிலிருந்தே இரத்தத்தில் ஊறிய ஒன்றை நாம் கற்க முடியாது. ஒரு கூடத்தில் கெட்டிக்காரனும் தடுமாறுகிறவனும் சேர்ந்துவிட்ட நெருக்கடியில் வளர்ந்த வழக்கம் என்றால் கற்கலாம்.

9 பிப்ரவரி 2024

மறுத்துக் கேட்பது மரியாதைக் குறைவாகாதா என்று மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார்.

தல்மூதின் பாவா மெத்சியா பகுதியில் ரப்பி (யூத மத ஆசிரியர்) யோஹனானின் கதை இருக்கிறது. அவருடைய படிப்புத் தோழர் ரேஷ் லகிஷ் (லகிஷின் மகன் என்றும் அழைப்பார்கள்) இறந்துவிட்டார். துயரத்தில் கிடந்த யோஹனானைத் தேற்ற, எலாசர் பென் பெதாத் என்ற கூர்மையான அறிஞரை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் அவர், "நீங்கள் சொல்வதற்கு ஆதரவாக ஒரு மேற்கோள் இருக்கிறது" என்று எடுத்துக் கொடுத்தார். யோஹனானுக்குத் தாங்கவில்லை. "நீ லகிஷின் மகனைப் போன்றவனா? நான் ஒன்றைச் சொன்னால் அவன் இருபத்துநான்கு மறுப்புச் சொல்வான், நான் இருபத்துநான்கு விடை சொல்வேன், அதனால் விஷயம் விரிந்து தெளிந்தது. நீயோ எனக்கு ஆதரவு இருக்கிறது என்கிறாய். நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாதா?" என்றார்.

இதை என் ஆறாம் வகுப்பில் சொன்னேன். "சரி" சொல்லும் அந்தச் சிறுமியைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இங்கே மறுப்புத்தான் மரியாதை. உன் சொல்லை நான் பொருட்படுத்தினேன் என்பதற்கு அதைவிடச் சான்று எது? பழமொழி ஆகமத்தில் "இரும்பை இரும்பு கருக்கிடும்" என்ற வசனத்தைத் தமிழ் பைபிளில் படித்திருப்பீர்கள். தல்மூத் அதைப் படிப்பில் ஒருவரையொருவர் தீட்டிக்கொள்ளும் இரண்டு அறிஞர்களைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

10 பிப்ரவரி 2024

மேலே "பழமொழி ஆகமம்" என்றது கத்தோலிக்கப் பழைய வழக்கு. பலருக்கு நீதிமொழிகள் என்றால்தான் தெரியும். 27ஆம் அதிகாரம், 17ஆம் வசனம்.

17 பிப்ரவரி 2024

பெண்களுக்கும் உண்டா என்று கேட்டவருக்கு: என் தோழியே தல்மூத் ஆசிரியைதான். ஆனால் இது எளிதில் வந்ததல்ல. வைதிக யூத உலகில் பெண்கள் தல்மூத் படிப்பது நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. சாரா ஷெனிரர் என்ற தையற்காரி கிராக்கோவ் நகரில் 1917இல் சிறுமிகளுக்காகத் தொடங்கிய பெய்த் யாக்கோவ் பள்ளி பெரிய இயக்கமாக வளர்ந்தது. அங்கேயும் தல்மூத் பாடம் கிடையாது. 1977இல் நியூயார்க்கின் ஸ்டெர்ன் பெண்கள் கல்லூரியில் ரப்பி சொலொவெய்ச்சிக் தல்மூத் வகுப்பைத் தாமே தொடங்கிவைத்ததை ஒரு திருப்பமாகச் சொல்வார்கள். 1979இல் அதே நகரில் பெண்கள் தல்மூத் படிப்பதற்கான ட்ரிஷா என்ற நிறுவனம் வந்தது. தோழியின் தாயார் தம் கணவர் படிக்கும்போது அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாராம். மகள் இன்று மகன்களுக்கும் மகள்களுக்கும் சேர்த்துக் கற்பிக்கிறார்.

25 பிப்ரவரி 2024

9ஆம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கதையின் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். வகுப்பிலும் பாதியைத்தான் சொன்னேன். அதற்கு விலை கொடுத்தது ஒரு பிள்ளை.

முழுக் கதை இது. ரேஷ் லகிஷ் முன்பு கொள்ளைக்காரர். யோஹனான்தான் அவரைப் படிப்புக்கு இழுத்துவந்தார், தம் தங்கையை மணமுடித்தும் கொடுத்தார். ஒரு நாள் படிப்புக் கூடத்தில் ஒரு விவாதம்: வாள், கத்தி, ஈட்டி முதலியவை எந்தக் கட்டத்தில் செய்து முடிந்ததாகக் கணக்கு? உலையில் காய்ச்சியதும் என்றார் யோஹனான். தண்ணீரில் தோய்த்ததும் என்றார் ரேஷ் லகிஷ். அப்போது யோஹனான் சொன்னார்: "கொள்ளைக்காரனுக்குத்தானே கொள்ளைத் தொழில் தெரியும்." ரேஷ் லகிஷ் உடைந்துபோனார். "நீ எனக்குச் செய்த நன்மைதான் என்ன? அங்கேயும் என்னைத் தலைவன் என்றார்கள், இங்கேயும் தலைவன் என்கிறார்கள்" என்றார். நோயில் விழுந்தார். தங்கை அழுது மன்றாடியும் யோஹனான் இளகவில்லை. ரேஷ் லகிஷ் இறந்தார். அதற்குப் பிறகுதான் நான் சொன்ன அந்த இருபத்துநான்கு மறுப்புகள் வருகின்றன. யோஹனான் உடையைக் கிழித்துக்கொண்டு, "லகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்?" என்று கதறிக் கதறிச் சித்தம் கலங்கினார். அறிஞர்கள் அவருக்காக இரக்கம் வேண்டிக்கொள்ள, அவரும் இறந்தார்.

மறுப்பின் பெருமையைப் பேச எல்லோரும் எடுத்தாளும் அந்த வரி, மறுக்கத் தெரிந்த ஒருவர் எல்லை தாண்டித் தோழனைக் கொன்றபின் சொன்ன வரி.

என் வகுப்பில் நடந்தது: மறுத்துக் கேளுங்கள் என்று ஊக்கப்படுத்திய இரண்டாம் வாரம், ஒரு கெட்டிக்காரப் பையன் தன் இணையிடம், "நீ போன வருஷம் தனிப்பயிற்சி அறைக்குப் போனவன்தானே, உனக்கு எப்படித் தெரியும்?" என்றான். அந்தப் பிள்ளை எழுந்து கழிப்பறைக்குப் போய் மணி அடிக்கும்வரை வரவில்லை. நான் அடுத்த மேசையில்தான் நின்றிருந்தேன். கணக்கைப் பற்றிய மறுப்பு ஆளைப் பற்றிய மறுப்பாக மாறிய கணம் என் காதில் விழுந்தும் உறைக்கவில்லை.

கென்ட் தாங்கிப் பிடிப்பதையும் மறுத்துக் கேட்பதையும் ஓர் இணையாகக் கட்டியதன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. நான் இணையை உடைத்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். தாங்குவது என்றால் ஆமாம் போடுவது அல்ல. "நீ சொல்வது சரியாக இருக்கவேண்டுமானால் வேறு எதெல்லாம் சரியாக இருக்கவேண்டும்?" என்று மற்றவரின் கருத்தை அவருக்காகவே ஒருமுறை கட்டிப் பார்ப்பது. அதைச் செய்தபிறகு மறுத்தால் யாரும் கழிப்பறைக்கு ஓடவேண்டியதில்லை.

இரு பிள்ளைகளிடமும் தனித்தனியே பேசினேன். பெற்றோரிடமும் பேசினேன். மதுரை ஆசிரியரே, உங்கள் கேள்வியில் இருந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட்டேன். மன்னிக்கவும்.

3 மார்ச் 2024

இரண்டாம் முயற்சி. சற்று விரிவாக எழுதுகிறேன், இதைத்தான் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கென்டும் எலீ ஹோல்சரும் ஹவ்ருதாவில் இருப்பது இருவர் அல்ல, மூவர் என்கிறார்கள். மூன்றாவது ஆள் பக்கம். (இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 2013இல் வந்தது.) இதை முதலில் படித்தபோது அழகான பேச்சு என்று கடந்துபோனேன். பிறகு தோழியின் வகுப்பில் நான்கு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

தல்மூதின் அச்சுப்பக்கத்தைப் பார்க்காதவர்களுக்கு: நடுவில் மூலம். உள்பக்கத்தில், தையலை ஒட்டி, 11ஆம் நூற்றாண்டின் ராஷியின் உரை. வெளிப்பக்கத்தில், அவருக்குப் பின் வந்தவர்கள் அவரோடு மோதும் தோசஃபோத் என்ற உரை. 1520களில் வெனிஸில் பொம்பர்க் அச்சிட்டபோது நிலைபெற்ற அமைப்பு. இன்று எல்லோர் கையிலும் இருப்பது 1880களின் வில்னா பதிப்பின் வழி வந்தது. நச்சினார்க்கினியரையும் அவரை மறுப்பவரையும் ஒரே பக்கத்தில், மூலத்தின் இருபுறமும் அச்சிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். மூலத்தில் உயிர்க்குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. ஒரு வாக்கியம் கேள்வியா பதிலா என்பதே படிப்பவர் முடிவு செய்யவேண்டியது. தந்திமொழி போன்ற சுருக்கம். ஒருவர் கேள்வியாக வாசிக்கிறார், மற்றவர் "இல்லை, இது வியப்பு" என்கிறார். விவாதம் அங்கேயே பிறந்துவிடுகிறது. யாரும் "விவாதியுங்கள்" என்று சொல்லவேண்டியதில்லை.

இப்போது என் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். வண்ணக் கட்டம், விளக்கம், எடுத்துக்காட்டு, மீண்டும் விளக்கம். எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடுகிறது. இரண்டு பேர் அதன் முன்னால் உட்கார்ந்து செய்வதற்கு என்ன இருக்கிறது? கூடைப்பந்து பேசத்தான் முடியும். பிள்ளைகள்மேல் நான் கோபப்பட்டது தவறு. தோற்றது பக்கம்.

ஆகவே பக்கத்தை மாற்றினேன். முந்தைய ஆண்டு யாரோ எழுதிய விடை ஒன்றை ஒரு தாளின் நடுவில் எழுதினேன். முக்காலை அரையால் வகுத்தால் 3/8. அவ்வளவுதான். சரி, தவறு என்று எந்தக் குறிப்பும் இல்லை. சுற்றிலும் வெள்ளை. கேள்வி ஒன்றே: இதை எழுதியவர் என்ன நினைத்திருப்பார்?

தல்மூதின் எரூவின் பகுதியில் ஒரு செய்தி உண்டு. ஹில்லேல் வழியினர், ஷம்மாய் வழியினர் என்ற இரண்டு அறிஞர் மரபினரும் மூன்று ஆண்டு வாதிட்டார்கள். இரண்டும் வாழும் கடவுளின் சொற்களே என்று வானக்குரல் கேட்டது, ஆனால் நடைமுறை ஹில்லேல் வழி என்றது. ஏன்? அவர்கள் பணிவானவர்கள், எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், தங்கள் கருத்துக்கு முன்பே அதைச் சொன்னார்கள். என் தாளின் கேள்விக்கு வேர் அது.

இருபது நிமிடம். பெரும்பாலான மேசைகள் "தவறு, விடை ஒன்றரை" என்று மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டன. தவறு என்பதைக் கண்டுபிடிப்பது அல்ல வேலை, அவர் நினைத்ததைக் கண்டுபிடியுங்கள் என்று திருப்பி அனுப்பினேன். வழக்கமாக "சரி" சொல்லும் அந்தச் சிறுமி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இணையிடம் சொன்னாள்: "அவர் அரையால் வகுக்கவில்லை. இரண்டாக வகுத்திருக்கிறார். முக்காலில் பாதி 3/8தானே?" இணை, "அரையால் வகுப்பதும் பாதியாக்குவதும் ஒன்றுதானே" என்றாள். "இல்லை. முக்கால் ரொட்டிக்குள் எத்தனை அரை ரொட்டி என்று கேட்கிறார்கள்." "ஒரு ரொட்டிக்குள் இரண்டு. முக்காலுக்குள்... ஒன்று, அப்புறம் கொஞ்சம்." "கொஞ்சம் இல்லை. மிச்சம் கால். கால் என்பது அரையில் பாதி." நான் மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை.

ஆண்டு முழுவதும் தன் பக்கத்தில் இருப்பவளை மறுக்கத் துணியாத பிள்ளை, அந்த அறையில் இல்லாத ஒருவருக்காக வாதாடும்போது மறுத்தாள்.

11 மார்ச் 2024

நன்னூலில் இது இருக்கிறதே என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதில் கால் பங்கு, பிறருக்கு உரைப்பதில் மீதி அரை. தல்மூதின் தானித் பகுதியிலும் இதற்கு உறவான கூற்று உண்டு: ஆசிரியர்களிடம் நிறையக் கற்றேன், தோழர்களிடம் அதைவிட, மாணவர்களிடம் எல்லாரையும்விட. நன்னூல் சொல்வதைத் தோழியிடம் சொன்னபோது அவர் அதை எழுதிய பவணந்தியாரின் பெயரைத் தம் கையேட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு வேறுபாட்டையும் பார்க்கவேண்டும். நன்னூலின் வரிசையில் ஆசிரியர் உரைப்பது முதலில், தோழர் பிறகு. யெஷிவாவின் காலை நேரத்தில் தோழர் முதலில். புரியாத பக்கத்தை ஆசிரியரின் துணையில்லாமல் எதிர்கொள்வது நம் வழக்கத்தில் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. என் பள்ளி நாட்களில் ஒரு பாடத்தை ஆசிரியர் நடத்துவதற்கு முன் படித்தால் "முந்திரிக்கொட்டை" என்று பெயர்.

24 மார்ச் 2024

ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், எங்கே ஹவ்ருதா என்று விழுப்புரம் ஆசிரியை கேட்கிறார். இந்தக் கேள்வியும் பழையது. பழங்கால யூதத் தலைமைக் குரு யெஹோஷுவா பென் கம்லா ஊர்தோறும் பள்ளி வைத்து ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்ததைச் சொல்லும் தல்மூதின் பாவா பத்ரா பகுதியிலேயே கணக்கும் வருகிறது: ஒரு ஆசிரியருக்கு இருபத்தைந்து பிள்ளைகள். ஐம்பதானால் இரண்டு ஆசிரியர். நாற்பதானால் ஓர் உதவியாளரை வைத்து, ஊரார் செலவில் ஊதியம் கொடுக்க வேண்டும். ஆசிரியை இதைத் தம் தலைமையாசிரியரிடம் தாராளமாகக் காட்டலாம்.

ஐம்பது பேருக்கு நடுவில் ஆறு செயல்களையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். கேட்பதிலிருந்து தொடங்குங்கள். மற்றவர் சொன்னதை நீ உன் வாயால் சொல்லு, அவர் "ஆம், அதைத்தான் சொன்னேன்" என்று தலையசைத்த பிறகுதான் உன் கருத்து. நான் மூன்று வாரம் இது ஒன்றை மட்டுமே செய்தேன்.

7 ஏப்ரல் 2024

3 மார்ச் குறிப்பில் பக்கத்துக்கு அளவுக்கு மீறிப் பெருமை கொடுத்துவிட்டேன். தோழி அதை மொழிபெயர்த்துக் கேட்டுவிட்டு, "என் வகுப்பில் நீ நான்கு நல்ல நாட்களைப் பார்த்தாய்" என்றார்.

கடினமான பக்கம் விவாதத்தைப் பிறப்பிக்கும் என்றேன். கொல்லவும் செய்யும். அரமேயம் அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி அல்ல. ஒரு வரியைச் சொல் சொல்லாக உடைத்துப் பொருள் கண்டுபிடிப்பதிலேயே முக்கால் மணி கழிந்து, அந்த வரி என்ன கேட்கிறது என்ற இடத்துக்கு வராமலே மணி அடிக்கும் நாட்கள் ஏராளம். அந்த நாட்களில் ஹவ்ருதா என்பது இருவர் சேர்ந்து மூழ்குவது. ஸ்டைன்சால்ட்ஸ் 1965இல் தொடங்கிய, உயிர்க்குறியும் நிறுத்தக்குறியும் இட்ட பதிப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று தோழியின் துறையில் ஆண்டுதோறும் விவாதம். கொடுத்தால் பக்கம் திறக்கிறது. ஆனால் அது கேள்வியா வியப்பா என்ற சண்டை போய்விடுகிறது. அவர் பாதி ஆண்டு கொடுத்துப் பாதி ஆண்டு பிடுங்கிக்கொள்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். ரப்பி பெரேதா என்பவருக்கு ஒரு மாணவன் இருந்தான். எந்தப் பாடத்தையும் நானூறு முறை சொல்லிக்கொடுத்தால்தான் அவனுக்கு ஏறும். ஒரு நாள் ஆசிரியரை வேறு காரியத்துக்கு அழைத்திருந்தார்கள். இப்போது எழுந்துவிடுவாரோ, இப்போது எழுந்துவிடுவாரோ என்ற பதற்றத்தில் அவன் மனம் பாடத்தில் நிற்கவில்லை. நானூறும் வீண். பெரேதா, "மனத்தை இங்கே வை, சொல்லித்தருகிறேன்" என்று இன்னும் நானூறு முறை சொல்லிக்கொடுத்தார். இதுவும் எரூவின் பகுதியில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இருபத்துநான்கு மறுப்புச் சொல்லும் தோழன் தேவைப்படவில்லை, எழுந்து போகாத ஆசிரியர் தேவைப்பட்டார். என் தனிப்பயிற்சி அறைப் பையனை நினைத்துக்கொண்டேன். இப்போது வாரம் இரண்டு நாள் மதிய உணவுக்குப் பின் அவனோடு நான் மட்டும் உட்காருகிறேன்.

21 ஏப்ரல் 2024

நாளை இரவு பெசாக், எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகை. பள்ளி விடுமுறை. பண்டிகை விருந்தில் பிள்ளை கேள்வி கேட்க வேண்டும், பெரியவர்கள் பதிலாகக் கதை சொல்ல வேண்டும். கேட்கப் பிள்ளை இல்லாவிட்டால்? தல்மூதின் பெசாஹிம் பகுதி சொல்கிறது: மகனுக்கு அறிவு போதாவிட்டால் மனைவி கேட்கட்டும். அவளும் இல்லாவிட்டால் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். பண்டிகையின் சட்டமெல்லாம் தெரிந்த இரண்டு அறிஞர்கள் மட்டும் இருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விடை தெரிந்த இருவர். ஆனாலும் கேட்க வேண்டும். கல்வி ஆய்வுகள் எத்தனையோ படித்தேன், கேள்வி தகவலுக்காக மட்டும் அல்ல என்பதை இவ்வளவு நேராக எதுவும் சொல்லவில்லை.

16 ஜூன் 2024

பள்ளி முடிந்துவிட்டது. இழையில் கேள்விகள் சேர்ந்துவிட்டன, மெல்ல மெல்லப் பதில் எழுதுகிறேன். முதலில் 11ஆம் தேதி இரவைப் பற்றி.

தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷவுவோத் பண்டிகை. இரவு முழுவதும் விழித்துப் படிப்பது வழக்கம். தோழியின் சமூகக்கூடத்தில் வெளியாருக்கும் இடம் உண்டு என்று அழைத்தார். பண்டிகை இரவில் அவர்கள் எழுதக்கூடாது. நானும் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஆகவே நினைவிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இணையாகக் கிடைத்தவர் எழுபதைக் கடந்த ஓர் அம்மையார், ஓய்வுபெற்ற செவிலியர். அரமேயத்தை அவர் வாசித்துப் பொருள் சொன்னார். பக்கம் தானித் 23.

ஹோனி என்பவர் எழுபது ஆண்டு உறங்கி விழிக்கிறார். வீட்டுக்குப் போகிறார், நானே ஹோனி என்கிறார், நம்புவார் இல்லை. படிப்புக் கூடத்துக்குப் போகிறார். அங்கே அறிஞர்கள் பேசிக்கொள்கிறார்கள்: "இன்று பாடம் ஹோனியின் நாட்களில் இருந்ததுபோலத் தெளிவாக இருக்கிறது. அவர் உள்ளே வந்தால் எங்களுக்கு இருந்த ஐயம் எல்லாவற்றையும் தீர்த்துவைப்பாரே." நானே அவர் என்கிறார். அங்கேயும் நம்பவில்லை, உரிய மரியாதையும் தரவில்லை. மனமுடைந்து, இரக்கம் வேண்டி இறந்துபோகிறார். இதைத்தான் மக்கள் சொல்கிறார்கள் என்று ராவா என்ற தல்மூத் அறிஞர் முடிக்கிறார்: ஒன்று ஹவ்ருதா, இல்லையேல் சாவு.

அம்மையார், இது அடையாளம் காணப்படாத முதுமையின் கதை என்றார். மருத்துவமனையில் நிறையப் பார்த்தாராம். நான் ஒப்பவில்லை. எல்லா ஐயத்தையும் ஹோனி தீர்த்துவைத்தார் என்றுதானே புகழ்கிறார்கள், யாராவது அவரை மறுத்ததாக இருக்கிறதா, உறங்கப் போவதற்கு முன்பே அவருக்கு ஹவ்ருதா இல்லை என்றேன். ரப்பி யோஹனானை எடுத்துவைத்தேன். நான்கு மாதமாக இங்கே எழுதியதெல்லாம் ஒரு புள்ளியில் கூடியது போல எனக்கு ஒரே பரபரப்பு.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு என் வாதத்தை என்னைவிட நன்றாக ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டினார். "இதைத்தானே சொல்கிறாய்?" என்றார். ஆம் என்றேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலைப் பக்கத்தின்மேல் வைத்தார்.

"அவருக்கு இல்லை என்று எந்த வரியில் இருக்கிறது? காட்டு."

அப்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும். மறுபடியும் மேலிருந்து வாசிக்கத் தொடங்கினோம்.